வகுப்புக்குத்தான் லீவு, வாய்க்கு இல்லை

குழு: நம் வீட்டார்

டிசம்பர் 20

சித்தி: இன்றோடு இங்கிலீஷ் வகுப்பு மூடியாச்சு. இனி ஜனவரி 5தான். அப்பாடா!

அம்மா: எங்களுக்கும் அப்படித்தான். லீவில் பேசிப் பழகுங்கள் என்று டீச்சர் சொல்லிவிட்டுப் போனார். யாரோடு பேசுவதாம்? வீட்டில் எல்லாரும் தமிழ்.

அண்ணி: நான் இலக்கணப் புத்தகத்தை எடுத்து வைத்திருக்கிறேன் அத்தை. டென்ஸ் எல்லாவற்றையும் இந்த லீவுக்குள் முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

நான்: அண்ணி, புத்தகம் எங்கும் ஓடிப்போகாது. எனக்கு வேறு கவலை. பிள்ளைகளுக்கும் லீவு, நாள் முழுக்க வீட்டில் இருப்பார்கள். போன் அடித்தால் அவர்கள் கையில் கொடுப்பீர்கள். கடையில் அவர்களை முன்னால் தள்ளுவீர்கள். வகுப்பு திறப்பதற்குள் பழகின கொஞ்சமும் போய்விடும்.

சித்தி: என் வீட்டில் கேமரா வைத்திருக்கிறாயா? 😄

நான்: லீவு முடியும்வரை பெரியவன் கூட வரட்டும் சித்தி, வாயைத் திறக்கக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

சித்தப்பா: நான் பிள்ளைகளை நம்பி இல்லை. காலையில் பல் டாக்டருக்கு நானே போன் போட்டேன். ரெக்கார்டிங்தான் ஓடியது. நாளையிலிருந்து மூடிவிட்டு 13ஆம் தேதிதான் திறப்பார்களாம். அதுவரை இந்த வலியோடு இருக்கணுமா?

அண்ணன்: 13 வரைக்குமா? நம்பரை அனுப்புங்கள் சித்தப்பா.

அண்ணன்: கேட்டுவிட்டேன். 13 இல்லை, 30. இந்த மாதம் 30ஆம் தேதியே திறக்கிறார்கள்.

சித்தப்பா: இரண்டும் காதில் ஒன்றாகத்தானே விழுகிறது!

நான்: 13 என்றால் பின்பாதி நீளும்: தர்-டீ...ன். 30 என்றால் முன்பாதியை ஓங்கிச் சொல்லிவிட்டுப் பின்பாதியை விழுங்கிவிடுவார்கள்: தர்-டி. 14க்கும் 40க்கும், 15க்கும் 50க்கும் இதே கதைதான், 19, 90 வரை. ஆள் பேசினால் வெட்கப்படாமல் "ஒன் த்ரீ ஆர் த்ரீ ஜீரோ?" என்று கேட்டுவிடுங்கள். அவர்களே அப்படித்தான் கேட்டுக்கொள்கிறார்கள்.

நான்: அப்புறம், லீவுக்கு அந்த ரெக்கார்டிங்கைவிட நல்ல வாத்தியார் கிடையாது. இப்போது நூலகம், வங்கி, கிளினிக் என்று பல இடங்களில் லீவு நேரத்தைப் பேசிப் பதிந்து வைத்திருப்பார்கள். மூடின பிறகு போன் போடுங்கள். முதல் தடவை தேதியை மட்டும் பிடியுங்கள், அடுத்த தடவை நேரத்தை. எத்தனை தடவை போட்டாலும் அந்தக் குரல் சலித்துக்கொள்ளாது. அவசர உதவி எண்ணுக்கு மட்டும் பழகுவதற்காகப் போட்டுவிடாதீர்கள்!

டிசம்பர் 22

அண்ணி: கிளினிக்கில் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார்கள். நான் பி என்றால் அவர்கள் டி என்கிறார்கள், டி என்றால் வி என்கிறார்கள்.

அண்ணன்: எல்லாம் "ஈ" என்று முடிகிற எழுத்துகள், போனில் அப்படித்தான் குழம்பும். இதற்காகவே விமானத் துறையில் 1956 முதல் ஒரே பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா என்று 26 எழுத்துக்கும் 26 சொல். முழுவதும் மனப்பாடம் வேண்டாம், உன் பெயரில் வரும் எழுத்துகளுக்கு மட்டும் போதும்.

அம்மா: எனக்கு பிராவோ எல்லாம் வாயில் நுழையாது. பி ஃபார் பனானா போதும்.

அண்ணன்: தாராளமாகப் போதும். ஆனால் எந்த பி அம்மா?

அம்மா: வாழைப்பழ பி!

நான்: 😂 நாம் எழுதினால் பனானாவுக்கும் பேப்பருக்கும் ஒரே எழுத்து, வாயும் அப்படியே பழகிவிட்டது. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. பேப்பர் என்னும்போது காற்று கையில் அடிக்கணும். பனானாவுக்கு அடிக்கக் கூடாது.

அம்மா: பத்து நிமிஷமாக ஊதிக்கொண்டிருக்கிறேன். உன் அப்பா பயந்துபோய்ப் பார்க்கிறார்.

டிசம்பர் 24

அண்ணி: பக்கத்து வீட்டுப் பாட்டி லிஃப்டில் "எனி பிளான்ஸ் ஃபார் த ஹாலிடேஸ்?" என்று கேட்டார். "நோ" என்றேன். அதற்கப்புறம் தரைத்தளம் வரை இரண்டு பேரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

நான்: அடுத்த முறை "நாட் மச், ஜஸ்ட் ஸ்டேயிங் ஹோம். ஹவ் அபவுட் யூ?" என்று சொல்லிப் பாருங்கள் அண்ணி. திருப்பிக் கேட்டுவிட்டால் பேசுகிற வேலை பாட்டியுடையது, உங்களுக்குக் காது கொடுக்கிற வேலை மட்டும்தான்.

சித்தி: அவர் பேச ஆரம்பித்து ஒன்றும் புரியாவிட்டால்?

நான்: "சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?" புரியாமலே சிரித்துக்கொண்டு யெஸ், யெஸ் என்று மட்டும் தலையாட்டாதீர்கள். லீவு முடியும்வரை என் நாயைப் பார்த்துக்கொள்வீர்களா என்று கேட்டிருக்கப் போகிறார்.

அம்மா: நாள் முழுக்க டிவி ஓடுகிறதே, அது பயன்படாதா?

அண்ணன்: பயன்படும், தமிழ் சப்டைட்டிலை எடுத்துவிட்டு இங்கிலீஷ் சப்டைட்டில் போடுங்கள். தமிழில் ஓடினால் காது தூங்கிவிடும். இல்லையென்றால் பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் இருக்கிறது. 1943இல் தொடங்கியது, இன்னும் நடத்துகிறார்கள். அதில் 6 மினிட் இங்கிலீஷ் கேளுங்கள், பேசுவதை எழுத்திலும் போட்டிருப்பார்கள். முதலில் பார்க்காமல் கேட்டுவிட்டு, அப்புறம் படித்துக்கொண்டே கேளுங்கள்.

டிசம்பர் 27

சித்தி: இன்று சின்னவளின் ஸ்வெட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். நீ சொன்ன சட்டப்படி பெரியவன் வாயைத் திறக்கவில்லை. "ஐ வுட் லைக் டு ரிட்டர்ன் திஸ், இட்ஸ் டூ ஸ்மால்" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே போனேன். அதைச் சொல்லிவிட்டேன். ரிசீட் கேட்டார்கள், கொடுத்தேன். அடுத்து அந்தப் பெண் கடகடவென்று ஏதோ கேட்டாள். இவன் வாயெடுக்கப் பார்த்தான், காலை மிதித்துவிட்டேன்.

அண்ணி: அப்புறம் என்ன செய்தீர்கள் சின்ன அத்தை?

சித்தி: அகெய்ன், ஸ்லோலி ப்ளீஸ் என்றேன். பணத்தைக் கார்டிலேயே திருப்பிப் போடட்டுமா என்றுதான் கேட்டிருக்கிறாள்! மெதுவாகச் சொன்னால் எல்லாம் நமக்குத் தெரிந்த வார்த்தைகள்தான்.

அண்ணன்: பெரியவன் கால் எப்படி இருக்கிறது?

சித்தி: நொண்டுகிற மாதிரி நடிக்கிறான்.

டிசம்பர் 30

சித்தப்பா: பல் டாக்டருக்குப் போன் போட்டேன். எடுத்தவர் ஹோல்ட் என்று ஏதோ கேட்டார், யெஸ் என்றேன். இப்போது பாட்டு ஓடுகிறது. இருக்கணுமா, வைக்கணுமா?

நான்: இருங்கள் சித்தப்பா! காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். வைத்துவிடாதீர்கள்.

சித்தப்பா: கிடைத்துவிட்டது. ஜனவரி 2, காலை 10:15. "ஒன் ஃபைவ் ஆர் ஃபைவ் ஜீரோ?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

சித்தி: பல்லைப் பிடுங்குவார்களா, அடைப்பார்களா?

சித்தப்பா: அதைக் கேட்கவில்லையே.

அம்மா: திரும்பப் போடுங்கள், இந்தத் தடவை ஸ்பீக்கரில். நானும் அங்கே வருகிறேன்.