கிணற்றுத் தண்ணீர் மாற்றினால் மீன்கள் சாகின்றன, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் யாழ்ப்பாணம் உரும்பிராய்ப் பக்கம், வீட்டுக் கிணறு, பின்னால் முழுக்க வெங்காயத் தோட்டம். தொட்டியில் கப்பியும் மொலியும்தான், இரண்டுமே சுண்ணாம்புத் தண்ணீரைத் தாங்கும் மீன்கள், அதனால் தண்ணீரின் கடினத்தன்மை காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். கிணற்றுக்குக் குளோரின் போடவில்லை. தண்ணீரை ஓர் இரவு காற்று மோட்டார் போட்டு வைத்துத்தான் ஊற்றுகிறேன், அப்படியிருந்தும் மாற்றிய அடுத்த நாளே மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்குகின்றன, முதலில் குஞ்சுகள் போகின்றன, பிறகு பெரியதுகள். பார்க்கவே முடியவில்லை.

சோதனைத் தாளில் தொட்டித் தண்ணீரில் அமோனியாவும் நைட்ரைற்றும் இல்லை. ஆனால் கிணற்றிலிருந்து நேரே அள்ளிய தண்ணீரிலேயே நைட்ரேற் கட்டம் கடும் சிவப்பு, அதாவது மிக அதிகம். தோட்டத்துக்குப் போடும் யூரியா உரம் நைட்ரேற்றாக மாறி மண்ணுக்குள்ளால் இறங்கி வருகிறது போல, எங்கள் சுண்ணக்கல் நிலம் எதையும் வடிகட்டாதே. நைட்ரேற் மட்டும் பெரிய மீனை இவ்வளவு கெதியாகக் கொல்லுமா, இல்லை பூச்சிமருந்தும் கலந்திருக்குமா?

மழைநீரைப் பாதிக்குப் பாதி கலந்தவர்கள் இருந்தால் எப்படி என்று சொல்லுங்கள். அப்புறம், மீனைவிட எனக்குப் பயம் அக்காவின் கைக்குழந்தைதான், பால்மா கரைப்பதும் இதே தண்ணீரில். கொதிக்கவைத்தால் நைட்ரேற் போகாது, கூடத்தான் செய்யும். இன்றிலிருந்து போத்தல் தண்ணீர்தான் கொடுக்கிறோம். யாழ்ப்பாணத்தில் நைட்ரேற்றும் பூச்சிமருந்தும் சேர்த்துப் பரிசோதிக்க எங்கே கொடுக்கலாம், எந்தப் போத்தலில் எடுத்துப் போகவேண்டும்?