கிளாக்கோமா இருப்பவர் வியர்வை மாத்திரை போடலாமா?

தறிக்காரன்:
வயது 46, பட்டு நெய்கிறேன். சின்ன வயதிலிருந்தே உள்ளங்கையில் தண்ணீர் சொட்டும். ஈரம் பட்டால் ஜரிகை கறுத்துப்போகிறது. தோல் டாக்டர் வியர்வையைக் குறைக்க ஆக்சிபியூட்டினின் மாத்திரை எழுதினார். மூன்று வருடமாகக் கிளாக்கோமாவுக்கு (கண் அழுத்த நோய்) டைமோலால் சொட்டு விடுவதால் மருந்துக் கடையில் தர மாட்டேன் என்கிறார்கள். யார் சொல்வது சரி?

மதுரை அக்கா:
கடைக்காரர் சொல்வதுதான் சரி தம்பி, தொடாதீங்க. எங்கப்பாவுக்குச் சிறுநீர்ப் பிரச்சினைக்கு இதே மாத்திரை கொடுத்தார்கள். அன்று ராத்திரியே கண் சிவந்து, ஒரு பக்கத் தலைவலி, வாந்தி. பித்தம் என்று நினைத்து விடியும்வரை இருந்துவிட்டோம். அந்தக் கண்ணில் பார்வை திரும்பவே இல்லை.

இமைவாசல்:
கண் பரிசோதனை செய்வது என் வேலை. அக்கா, உங்கள் அப்பாவுக்கு வந்தது கோணம் அடைபட்ட கிளாக்கோமாவாகத்தான் இருக்கும். வியர்வைச் சுரப்பிக்குக் கட்டளை கொண்டுபோவது அசிட்டைல்கோலின் என்ற நரம்பு வேதிப்பொருள். கண்பாவையைச் சுருக்குவதும் அதுவே. மாத்திரை அதைத் தடுத்தால் வியர்வை குறையும், பாவையும் விரியும். கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் கோணம் ஏற்கெனவே குறுகலாக இருந்தால், பாவையைச் சுற்றியுள்ள கருவிழித்திரை (ஐரிஸ்) ஒதுங்கி அதை அடைத்துவிடும். அழுத்தம் மடமடவென்று ஏறும். திறந்த கோணக்காரர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. 'கிளாக்கோமா' என்ற ஒரு சொல்லை வைத்து எல்லோருக்கும் கதவைச் சாத்துவது நியாயமில்லை.

மதுரை அக்கா:
நியாயம் பேசுகிறீர்கள். அப்பா கண்ணில் லென்ஸ் வைத்துக் கோணத்தை ஒருவரும் பார்க்கவில்லையே! ஃபைலில் கிளாக்கோமா என்று மட்டும்தான் இருந்தது. வியர்வையால் யாருக்கும் கண் போகாது.

தறிக்காரன்:
அக்கா, கண் போகாதுதான். ஆனால் கறை பட்ட சேலைக்குக் கூலி பிடிக்கிறார்கள்.

ஈரக்கை:
எனக்கும் இதே கை. மாத்திரைக்கு முன்னால் அயன்டோபோரசிஸ் கேட்டுப் பாருங்கள். தட்டில் குழாய்த் தண்ணீர் ஊற்றிக் கையை வைத்தால் லேசான மின்சாரம் ஓடும். முதலில் வாரம் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் 20 நிமிடம் போல. கண்ணுக்குச் சம்பந்தமே இல்லை. பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் செய்யக்கூடாது. இன்னொன்று, கிளைக்கோபைரோனியம் நனைத்த துணியும் இந்த மாத்திரை வகைதான். துடைத்த கையோடு கண்ணைத் தொட்டாலே பாவை விரியலாம்.

இமைவாசல்:
அயன்டோபோரசிஸை முதலில் செய்வதில் எனக்கும் சம்மதம். கிளாக்கோமாவுக்கு பைலோகார்பைன் சொட்டு விடுகிறவர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன்: அந்த மருந்தே வியர்வையைக் கூட்டலாம். டாக்டரிடம் சொல்லுங்கள். தறிக்காரரே, உங்கள் ஃபைலில் கோனியோஸ்கோப்பி (லென்ஸ் வைத்துக் கோணத்தைப் பார்க்கும் சோதனை) என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா?

தறிக்காரன்:
மூன்று வருடச் சீட்டையும் புரட்டிவிட்டேன். அழுத்தம் மட்டும்தான் இருக்கிறது, போன மாதம் 17. கோணத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

மதுரை அக்கா:
இதைத்தான் சொன்னேன்.

இமைவாசல்:
இந்த நிலையில் அக்கா சொல்வதுதான் சரி. கோணத்தைப் பார்க்கும்வரை ஒரு மாத்திரைகூட வேண்டாம். குறுகலாக இருந்தால் கருவிழித்திரையில் லேசரால் துளை போடுவதைப் பற்றிப் பேசுவார்கள். திறந்திருந்தால் கண் டாக்டரிடமே எழுதி வாங்கித் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

மதுரை அக்கா:
எழுதிக் கொடுத்தால் நானும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் தம்பி, மாத்திரை போட்டபின் விளக்கைச் சுற்றி வானவில் வட்டம் தெரிந்தாலோ, கண்ணும் தலையும் சேர்ந்து வலித்தாலோ, விடியட்டும் என்று இருக்காதீங்க.

தறிக்காரன்:
சரிங்க அக்கா. திங்கட்கிழமை தறியை நிறுத்திவிட்டுப் போகிறேன்.