குடியை நிறுத்திய அண்ணனுக்கு மாத்திரையும் ஆலோசனையும் சேர்ந்தே வேண்டுமா?

கோத்தகிரி தங்கை:

அனைவருக்கும் வணக்கம். இங்கே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் அண்ணன், குடியை விடுவதற்காக மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றுச் சென்ற வாரம் வீடு திரும்பினார். கைநடுக்கம் நின்று தூக்கமும் வரத் தொடங்கிவிட்டது. தினமும் நால்ட்ரெக்ஸோன் 50 மி.கி. மாத்திரை ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆலோசனைக்கும் தவறாமல் வர வேண்டும் என்று மனநல மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆனால் வீட்டுப் பெரியவர்கள், மனஉறுதி இருந்தால் மாத்திரை எதற்கு, ஒரு போதையை விட்டு இன்னொன்றுக்கு அடிமையாவானா என்று கேட்கிறார்கள். மாத்திரை போட்டால் போதும், மலையிறங்கி ஆலோசனைக்குப் போய் ஒரு நாள் கூலியை இழப்பானேன் என்பது அண்ணியின் எண்ணம். இதற்கிடையே, சாப்பாட்டில் அவருக்குத் தெரியாமல் கலந்துகொடுக்கும் மருந்து ஒன்று உண்டு, அதைக் கொடுத்தால் குடியை நினைக்கவே மாட்டார் என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். எதைக் கேட்பது, எதை விடுவது என்று விவரம் தெரிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

உதகை மனநலச் செவிலியர்:

சகோதரி, கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் உயிர் ஆபத்து இருக்கிறது. அவர்கள் சொல்வது பெரும்பாலும் டைசல்ஃபிராமாக இருக்கும். நாம் குடிக்கும் மது உடலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருளாக மாறி, பின்பு ஒரு நொதியால் சிதைக்கப்படுகிறது. டைசல்ஃபிராம் அந்த நொதியைத் தடுத்துவிடுவதால், மருந்து உடலில் இருக்கும்போது குடித்தவருக்கு முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வந்து, இரத்த அழுத்தம் சரிந்து, இதயக் கோளாறு உள்ளவராயின் மரணம்கூட நேரலாம். மருந்தை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த வினை ஏற்படக்கூடும். மது கலந்த இருமல் மருந்தையோ, நொதிக்க வைத்துச் செய்யும் அரிஷ்டங்களையோ அறியாமல் குடித்தாலும் இதே நிலைதான். விவரம் முழுதும் அறிந்து சம்மதித்து, வீட்டார் மேற்பார்வையில் எடுத்துக்கொள்பவருக்கு அது நல்ல மருந்து. தெரியாமல் கொடுப்பது மருத்துவ நெறிக்கு மாறான செயல். அண்ணன் ஒரு நாள் உண்மையை அறிந்தால், வீட்டுச் சோற்றின் மேலேயே அவருக்கு நம்பிக்கை போய்விடும்.

நால்ட்ரெக்ஸோன் வேறு வகை. குடிக்கும்போது மூளையில் சுரக்கும் இன்ப உணர்வுப் பொருள்கள் போய்ச் சேரும் இடத்தை அது அடைத்துக்கொள்கிறது. அதனால் குடித்தாலும் பழைய கிளர்ச்சி கிடைப்பதில்லை, நாளடைவில் ஏக்கமும் தணிகிறது. அதற்கென்று ஒரு போதை கிடையாது, நிறுத்தினால் கைநடுக்கம் வருவதும் இல்லை. ஆகவே பெரியவர்களின் அச்சத்துக்கு இடமில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். அமெரிக்காவில் மதுப் பழக்கத்துக்கு இது 1994 முதல் அங்கீகரிக்கப்பட்ட மருந்து. தொடக்கத்தில் குமட்டல் இருந்தால் சாப்பாட்டுக்குப் பின் கொடுங்கள். கல்லீரல் பரிசோதனையை மருத்துவர் சொல்லும்போதெல்லாம் செய்துகொள்ளுங்கள். கல்லீரல் மிகவும் கெட்டிருந்தால், சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று பார்த்து, குடி ஏக்கத்தைத் தணிக்கும் அகாம்ப்ரோசேட் என்ற வேறு மருந்தைக் கொடுப்பதுண்டு. பொதுவாக ஆறு மாதமாவது தொடர வேண்டிய சிகிச்சை இது.

குன்னூர் ஆலோசகர்:

செவிலியர் சொன்னதற்கு மேல் ஆலோசனையின் பக்கத்தைச் சொல்கிறேன். ஏக்கம் தணிந்தாலும், சம்பள நாளன்று டாஸ்மாக் வாசலைக் கடந்து வீட்டுக்கு வர வேண்டியது அண்ணன்தானே. யாருடன் சேர்ந்தால் கை கிளாஸுக்குப் போகிறது, இழவு வீட்டில் ஊற்றிக் கொடுப்பவரிடம் என்ன சொல்லி மறுப்பது, அண்ணியுடன் சண்டை வந்த இரவை எப்படிக் கடப்பது என்பதையெல்லாம் முன்கூட்டியே பேசிப் பழகுவதுதான் ஆலோசனை. நம் மலையில் குளிருக்குக் குடிக்கிறேன் என்ற சாக்கு ஒன்று தலைமுறைகளாக இருக்கிறது. மது தோலின் இரத்தக் குழாய்களை விரித்துச் சூடு ஏறியதுபோலக் காட்டினாலும், உண்மையில் உடலின் வெப்பத்தை வெளியேற்றிவிடுகிறது என்பதை விளக்கினாலே சிலருக்கு அந்தச் சாக்கு போய்விடுகிறது. மாத்திரையை இரண்டு நாள் மறந்தவர் ஏன் மறந்தார் என்பதைக் கேட்டு அறியும் இடமும் ஆலோசனைதான். மறதியைப் போலத் தெரிவது பல நேரங்களில் குடிக்க வேண்டும் என்ற எண்ணத்தின் முதல் அடையாளம்.

கூலி இழப்பைப் பற்றி அண்ணி கவலைப்படுவது நியாயமே. 2006-இல் அமெரிக்காவில் 1,383 பேரிடம் நடந்த கம்பைன் என்ற ஆய்வின் முடிவு இங்கே உதவும். நால்ட்ரெக்ஸோனுடன் மருத்துவரோ செவிலியரோ முறையாக ஒன்பது முறை சந்தித்துப் பேசிய குழுவினரும், தனிச் சிறப்பு ஆலோசனை பெற்ற குழுவினரும் நல்ல பலன் பெற்றார்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது அதைவிடப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆகையால் வாராவாரம் கோவைக்கு இறங்க முடியாத குடும்பம் மனம் தளர வேண்டாம். கோத்தகிரியிலோ உதகையிலோ மாத்திரை வாங்கப் போகும் நாளில், சீட்டை நீட்டி மருந்தை வாங்கித் திரும்பாமல், அந்த வாரம் எப்படிப் போனது என்று மருத்துவரிடம் பத்து நிமிடமாவது பேசும்படி கேட்டுக்கொள்ளுங்கள். இடைப்பட்ட நாள்களில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் இலவச மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஆனால் பேச்சே இல்லாத மாத்திரையைப் பெரும்பாலோர் சில வாரங்களில் நிறுத்திவிடுகிறார்கள் என்பதை நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன்.

கூடலூர்க்காரர், குடியிலிருந்து மீண்டவர்:

தங்கச்சி, எனக்கு மாத்திரை ஏக்கத்தைக் குறைத்தது. அதனால்தான் ஆலோசகர் சொல்வதைக் காதில் வாங்கும் நிதானம் வந்தது. காலையில் மாத்திரையை எடுத்துத் தருவது என் மனைவிதான், அதைக் காவல் என்று நான் நினைத்ததே இல்லை. அண்ணனிடமும் கேட்டுவிட்டு அப்படிச் செய்யுங்கள். இடையில் ஒரு நாள் குடித்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று திட்டாமல், மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மீண்டும் பல நாள் தொடர்ந்து குடித்திருந்தால் வீட்டிலேயே சட்டென்று நிறுத்த வைக்காதீர்கள், வலிப்பு வரலாம்.

கோத்தகிரி தங்கை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பெரியவர்களுக்கு இதை அப்படியே படித்துக் காட்டினேன். அண்ணியும் அடுத்த முறை உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. அண்ணனுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டும். மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

உதகை மனநலச் செவிலியர்:

நீங்களாக நிறுத்த வேண்டாம். பல் மருத்துவரிடம் நால்ட்ரெக்ஸோன் சீட்டைக் காட்டுங்கள். மரத்துப்போகும் ஊசிக்கோ பாரசிட்டமாலுக்கோ அது தடையில்லை, அளவை மட்டும் கல்லீரலின் நிலையைப் பார்த்து அவர் சொல்லட்டும். டிரமடால், கோடீன் போன்ற அபின் வகை வலி மருந்துகள் இந்த மாத்திரை இருக்கும்வரை வேலை செய்யாது. வேலை செய்யவில்லையே என்று அளவைக் கூட்டிச் சாப்பிடுவது ஆபத்தானது. விபத்தோ அவசர அறுவையோ நேர்ந்தால் மருத்துவர்கள் உடனே அறிந்துகொள்ளும்படி, இந்த மாத்திரை எடுப்பதாக ஒரு சீட்டு எழுதி அண்ணனின் பணப்பையில் வைத்துவிடுங்கள்.