எட்டயபுரத்தில் பாரதி வீடு, கூடவே நம் புலவர்

அஸ்ஸலாமு அலைக்கும் கீழக்கரைச் சொந்தங்களே,

லீவு முடிந்து துபாய் வந்து சேர்ந்தேன். எட்டயபுரம் போன கதையை எழுதச் சொல்லி மச்சான் விடவில்லை.

பஜ்ரு தொழுததும் வாப்பா, நான், என் மகள் மூவரும் கிளம்பினோம். சாயல்குடி தாண்டி விளாத்திகுளம் நெருங்க நெருங்க மண் கறுத்துவிடுகிறது. கொடைக்கானல் கேட்ட மகளுக்கு முகம் சரியில்லை. வாப்பாவுக்கோ பாரதி மேல் தனிப் பிரியம். அல்லாவைப் பாடியவர், 1920ல் பொட்டல்புதூரில் இஸ்லாத்தைப் பற்றிப் பேசியவர் என்று வழியெல்லாம் பேச்சு.

வீடு சின்னதுதான். பெரிதாக்காமல் விட்டார்களே என்று எனக்குச் சந்தோஷம். 1882 டிசம்பர் 11ல் அவர் பிறந்த வீடு. அஞ்சு வயதில் தாயைப் பறிகொடுத்த பிள்ளை, ஆலை வைத்து நொடித்துப்போன தகப்பன். தெரிந்த கதைதான், ஆனாலும் அந்தச் சுவர்களுக்கு நடுவே நிற்கும்போது தொண்டை அடைத்தது. பதினொரு வயதில் பாரதி பட்டம் வாங்கினார் என்றதும் மகள், "எனக்கும் பதினொண்ணுதானே அப்பா" என்றாள். "நீ முதல்ல எழுத்துக்கூட்டாமப் படிம்மா" என்றார் வாப்பா.

வாசலில் ஒரு பெரியவர் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னோம். "அப்ப உமறுப் புலவரைப் பாத்துட்டீங்களா?"

பார்க்கவில்லை. அவர் அடங்கியிருப்பது அதே ஊரில்தான் என்ற நினைப்பே எனக்கு இல்லை, வெட்கமாகப் போய்விட்டது. நம்ம ஊர் வள்ளல் சீதக்காதி மரைக்காயர் கேட்டுக்கொண்டதால், நபிகள் நாயகத்தின் வாழ்க்கையைச் சொல்லும் சீறாப்புராணம் பாடத் தொடங்கியவர். வள்ளல் நடுவிலேயே மௌத்தாகிவிட, பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் கைகொடுத்தார். மொத்தம் 5027 பாட்டு. கொஞ்ச தூரத்தில்தான் அவருடைய அடக்கத்தலம், மண்டபமும் கட்டியிருக்கிறார்கள். பாத்திஹா ஓதினோம். பாரதி வீட்டில் இருந்த கூட்டம் இங்கே இல்லை. உம்மா கட்டிக்கொடுத்த தொதல் இனிப்பை நிழலில் உட்கார்ந்து தின்றோம்.

திரும்பும்போது மகள் கேட்டாள்: "பாரதி வீடு பாத்தோம். சீதக்காதி வீடு நம்ம ஊர்ல எங்கப்பா?"

அவர் கட்டிய கல்லுப் பள்ளிவாசலைக் காட்டலாம், அவர் அடங்கியிருக்கும் கபுரைக் காட்டலாம். வீட்டுக்கு என்ன பதில் சொல்வது? காக்காமார்களே, உங்கள் பரண்களில் பழைய பத்திரம், போட்டோ ஏதாவது இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அடுத்த லீவில் நானே வந்து ஸ்கேன் எடுத்துக்கொள்கிறேன்.