நல்லா நடந்தா பாயிண்ட்: பழக்கமா, லஞ்சமா?

சாக்பீஸ்:
ஏழாம் வகுப்பு ஆசிரியர் நான். அடுத்த பருவத்திலிருந்து ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்கு நன்னடத்தைப் பாயிண்ட் கொண்டுவருகிறோம். நேரத்துக்கு வந்தால் 1, அடுத்தவர் பேசும்போது குறுக்கே பேசாமல் இருந்தால் 2, சண்டையை விலக்கிவிட்டால் 5. மாதக் கடைசியில் சுவரில் பட்டியல் ஒட்டி, முதல் மூன்று பேருக்குப் பரிசு. எனக்குப் பிடித்திருக்கிறது. பத்து வருஷமாகத் திட்டித் திட்டித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஆனால் ஆசிரியர் அறையில் பாதிப் பேர் "இது லஞ்சம்" என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ரெண்டு_புள்ள_அப்பா:
லஞ்சமேதான் சார். சண்டையை விலக்குனா 5 பாயிண்டா? என் பையன் ரெண்டு பேரைப் பேசி வச்சு அடிச்சுக்கச் சொல்லிட்டு, தானே போய் விலக்கிவிடுவான். அப்புறம் மூணு பேரும் பங்கு பிரிச்சுக்குவாங்க. பெத்தவன் சொல்றேன், நம்புங்க.

மூத்த_வாத்தியார்:
முப்பது வருடம் வகுப்பெடுத்து ஓய்வு பெற்றவன். வாத்தியார் வந்தால் எழுந்து நிற்பதற்கும் கூலி கொடுக்கச் சொல்வீர்களா? கொஞ்சம் பயம் வேண்டும். பயம் போன வகுப்பில் அமைதியான பிள்ளைகள்தான் முதலில் அடிபடுகிறார்கள். அதை யாரும் பேசுவதில்லை.

கடைசி_பெஞ்ச்:
ஐயா, மன்னிக்கணும். அந்தப் பயத்தில் வளர்ந்தவன்தான் நானும். எட்டாவதில் பேசுகிறவர்கள் பெயரை வகுப்பு லீடர் கரும்பலகையில் எழுதுவான். காலையில் நான் வாயைத் திறக்கும் முன்பே என் பெயர் அங்கே இருக்கும், முந்தின நாள் அழிக்காமல் விட்டது. எப்படியும் அடி விழப்போகிறது, சும்மா இருந்து என்ன லாபம் என்று அதன் பிறகுதான் பேச ஆரம்பிப்பேன். வருஷம் பூரா இதே கதை.

மூத்த_வாத்தியார்:
அது லீடரின் தவறு தம்பி. பயத்தின் தவறல்ல.

மனநல_ஆலோசகர்:
பள்ளி ஆலோசகராக வேலை பார்க்கிறேன். இரண்டு பக்கமும் கொஞ்சம் சரி, கொஞ்சம் தப்பு.

"லஞ்சம்" என்பவர்கள் வழக்கமாகக் காட்டும் ஆய்வு 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் செய்தது. மார்க்கர் பேனாவில் படம் வரையப் பிடித்த சின்னக் குழந்தைகளில் சிலரிடம் "வரைந்தால் சான்றிதழ்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் பேனாவை வைத்தபோது அந்தக் குழந்தைகள் அதை முன்போலத் தேடவில்லை. ஆனால் பாதிக் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள். எதிர்பாராமல் அதே சான்றிதழ் கிடைத்த குழந்தைகளுக்கு ஆர்வம் குறையவில்லை. தவிர, அது ஏற்கெனவே பிடித்த வேலை. குறுக்கே பேசாமல் இருப்பதை எந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஆசையாகச் செய்கிறது? அதனால் பாயிண்ட் என்றாலே விஷம் என்று நான் சொல்லமாட்டேன்.

என் பயம் அந்தச் சுவர்ப் பட்டியல்தான். இந்த வயதில் கூட்டாளி என்ன நினைப்பான் என்பதுதான் எல்லாம். கார்ட்னரும் ஸ்டைன்பெர்க்கும் 2005-இல் ஒரு கார் ஓட்டும் விளையாட்டை வைத்துப் பார்த்தார்கள். தனியாக ஆடியபோது இருந்ததைவிட, நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது வளரிளம் பருவத்தினர் கூடுதலாகத் துணிந்தார்கள். பெரியவர்களிடம் அந்த மாற்றம் பெரிதாக இல்லை. அப்படிப்பட்ட பிள்ளையை "நல்லவன் நம்பர் ஒன்" என்று சுவரில் ஒட்டினால் மறுநாளே அதற்கு ஒரு பட்டப்பெயர் விழும். பாராட்டைப் பக்கத்தில் போய்க் காதோடு சொல்லுங்கள். கண்டிப்பதும் அப்படியே.

சாக்பீஸ்:
பட்டப்பெயர் உண்மைதான். போன வருஷம் ஒரு பெண்ணை எல்லார் முன்னாலும் புகழ்ந்தேன். ஒரு வாரம் என் முகத்தையே பார்க்கவில்லை. ஏனென்று இப்போதுதான் புரிகிறது.

ரெண்டு_புள்ள_அப்பா:
மேடம், காதோடு சொன்னா மத்த 39 பேருக்கு எப்படித் தெரியும்?

மனநல_ஆலோசகர்:
அவர்களுக்குள்ளேயே பரவும், யார் ஆரம்பிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து. எலிசபெத் பாலக் என்ற உளவியலாளரின் குழுவினர் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 56 நடுநிலைப் பள்ளிகளில் செய்து 2016-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். "யாரோடு அதிகம் நேரம் செலவிடுகிறாய்" என்று எல்லா மாணவர்களிடமும் கேட்டு, யாருக்குத் தொடர்பு அதிகம் என்று வரைந்துகொண்டார்கள். பாதிப் பள்ளிகளில் ஒரு சின்ன மாணவர் குழுவிடம், இங்கே என்ன பிரச்சினை, என்ன செய்யலாம் என்று முடிவு செய்யும் பொறுப்பைக் கொடுத்தார்கள். மற்றப் பள்ளிகளோடு ஒப்பிட்டால், சண்டை தொடர்பான ஒழுங்குப் புகார்கள் ஒரே ஆண்டில் 25 சதவீதம் குறைந்தன. தொடர்பு அதிகமுள்ள பிள்ளைகள் குழுவில் கூடுதலாக இருந்த பள்ளிகளில் பலன் இன்னும் அதிகம். அவர்கள் எல்லாரும் சமத்துப் பிள்ளைகளும் அல்ல. நாம் லீடராகப் போடுவது வேறு ரகம்.

கடைசி_பெஞ்ச்:
எங்கள் வகுப்பில் அப்படித் தேடியிருந்தால் கடைசி பெஞ்சுக்குத்தான் வந்திருப்பார்கள் :)

மூத்த_வாத்தியார்:
எல்லாம் பிள்ளைகள் கையில் என்றால் வாத்தியார் எதற்கு?

மனநல_ஆலோசகர்:
ஐயா, வாத்தியாரிடம்தான் பெரிய சாவி இருக்கிறது. அதே 2016-இல் வெளியான இன்னோர் ஆய்வில், ஒகோனோஃபுவா என்ற உளவியலாளரின் குழு ஐந்து நடுநிலைப் பள்ளிகளின் 31 கணித ஆசிரியர்களில் ஒரு பகுதியினருக்கு இணையவழியில் ஒரு சிறு பயிற்சி கொடுத்தது. தப்பு செய்த பிள்ளையின் பக்கத்திலிருந்து யோசிப்பது, உறவை விடாமல் கண்டிப்பது, அவ்வளவுதான் பாடம். பாயிண்ட் கிடையாது, பரிசும் கிடையாது. மற்ற ஆசிரியர்களின் மாணவர்களில் 9.6 சதவீதம் பேர் அந்த ஆண்டில் இடைநீக்கம் ஆனார்கள். பயிற்சி எடுத்தவர்களின் மாணவர்களில் 4.8. கண்டிப்பு எங்கும் போகவில்லை, கண்டித்த விதம்தான் வேறு.

மூத்த_வாத்தியார்:
கண்டிப்பு போகவில்லை என்கிறீர்கள் அல்லவா, அதுவரை சரி. ஒன்று சொல்கிறேன். நான் அடித்த பையன்கள் இன்று வழியில் பார்த்தால் கும்பிடுகிறார்கள். கும்பிடாமல் தெருமாறிப் போகிறவர்களை நான் கணக்கில் எடுத்ததில்லை, உண்மை. ஆனாலும் பாயிண்ட்டுக்கு நான் உடன்பட மாட்டேன்.

சாக்பீஸ்:
சரி, சுவர்ப் பட்டியல் வேண்டாம் என்று திங்கட்கிழமை கூட்டத்தில் சொல்லப் போகிறேன். பாயிண்ட்டைத் தனி ஆளுக்குத் தராமல் வகுப்பு முழுவதற்கும் சேர்த்தால் என்ன? 1969-லேயே ஒரு நான்காம் வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து இப்படி ஒரு விளையாட்டு நடத்தி, சத்தத்தைக் குறைத்திருக்கிறார்கள்.

ரெண்டு_புள்ள_அப்பா:
வேண்டாம் சார். என் ரெண்டாவது பொண்ணுக்கு ஒரு இடத்துல உட்கார முடியாது. மொத்த வகுப்புக்கும் பாயிண்ட் போனா "உன்னாலதான் போச்சு"ன்னு இடைவேளையில அவளைத்தான் சுத்தி நிப்பாங்க. நீங்க ஆசிரியர் அறையில டீ குடிச்சிட்டு இருப்பீங்க.

சாக்பீஸ்:
இதை நான் யோசிக்கவே இல்லை. பாயிண்ட் ஏறலாம், யாராலும் குறையக்கூடாது என்று வைத்தால்?

ரெண்டு_புள்ள_அப்பா:
அப்படின்னா பரவாயில்ல. ஆனா அந்தச் சண்டைக்கு 5 பாயிண்ட் இருக்கே, அதை மட்டும் எடுத்துடுங்க. என் பையன் இதைப் படிச்சுட்டான்.