வீட்டில் ஏதோ நாற்றம். இந்த ஊரில் யாரைக் கூப்பிடுவது?

வந்து_மூன்று_வாரம் (இரவு 10:41)
எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்கா வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அரை மணி நேரமாக வீட்டுக்குள் ஒரு மாதிரி நாற்றம் அடிக்கிறது. வெங்காயம் அழுகினதும் ரப்பர் கருகினதும் சேர்ந்தாற்போல. அவர் வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறார், போனை எடுக்கவில்லை. குழந்தை தூங்குகிறாள். அவசர உதவி என்று 911-ஐக் கூப்பிட்டால் பணம் கேட்பார்களா? தமிழில் பேச யாராவது இருப்பார்களா? பதற்றத்தில் எனக்கு ஆங்கிலம் சுத்தமாக வராது. சீக்கிரம் சொல்லுங்கள்.

பழைய_எச்1பி (10:44)
அவசரப்பட்டு 911 அடிக்காதீர்கள். நான் வந்த புதிதில் ஆபீஸ் போனிலிருந்து அம்மாவைக் கூப்பிடப் போனேன். வெளி லைனுக்கு 9, வெளிநாட்டுக்கு 011, அப்புறம் இந்தியாவுக்கு 91. அவசரத்தில் அந்த முதல் சுழியை விட்டுவிட்டேன். 9, 1, 1. மறுமுனையில் குரல் கேட்டதும் பயந்து வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் என் மேஜைக்கே வந்து நின்றார்கள். மேனேஜரின் முகம் இன்றும் கண்ணில் நிற்கிறது. அப்போது கார் கிடையாது, சமையல் தெரியாது, மூன்று மாதம் தயிர்சாதமும் ஊறுகாயும்தான். அதை எல்லாம் எழுதினால் ஒரு புத்தகமே வரும்.

திருவாரூர்த்தேர் (10:46)
அது நீங்கள் தப்பாக அடித்த கதை சார். அந்தப் பெண் கேட்பது வேறு. தங்கச்சி, எந்த ஊரில் இருக்கிறீர்கள்?

வந்து_மூன்று_வாரம் (10:47)
கலிபோர்னியா, பே ஏரியா அண்ணா.

திருவாரூர்த்தேர் (10:47)
பே ஏரியாவில் ஒன்பது கவுண்டி இருக்கிறதம்மா. ஊர் பெயர் என்ன? தனி வீடா, அபார்ட்மென்டா? கேஸ் அடுப்பா, கரண்ட் அடுப்பா?

மில்பிடாஸ்_மாமா (10:48)
முதலில் அபார்ட்மென்ட் மேனேஜரைக் கூப்பிடு. லீஸ் பேப்பரில் ராத்திரி நேர மெயின்டனன்ஸ் நம்பர் இருக்கும். அதுவரைக்கும் ஜன்னலை எல்லாம் திறந்து எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு விடு, நாற்றம் போய்விடும். பதறாதே.

இரவு_ஷிப்ட் (10:49)
ஃபேனைப் போடாதீர்கள்! லைட் சுவிட்சையும் தொடாதீர்கள். போட்டிருப்பது போட்டபடி, அணைத்திருப்பது அணைத்தபடி இருக்கட்டும். கேஸாக இருந்தால் ஒரு சின்னப் பொறி போதும். ஜன்னல் திறந்துகொண்டு நிற்கவும் வேண்டாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு செருப்பு, போன், சாவியோடு வெளியே போங்கள். கட்டடத்தை விட்டு நன்றாகத் தள்ளி நின்ற பிறகு 911. எடுத்ததும் ஊர் பெயரைச் சொல்லுங்கள், அடுத்து தெருவும் வீட்டு எண்ணும், அப்புறம் ‘கேஸ் ஸ்மெல்’. தமிழ் வேண்டுமென்றால் ‘டமில் இன்டர்ப்ரிட்டர்’ என்று மட்டும் சொல்லுங்கள், போனிலேயே மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். அவர்கள் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள். 911 அடித்ததற்கு யாரும் பணம் கேட்க மாட்டார்கள்.

வந்து_மூன்று_வாரம் (10:50)
சன்னிவேல். அபார்ட்மென்ட். கரண்ட் அடுப்புதான் அக்கா, அப்போது கேஸாக இருக்காதே?

இரவு_ஷிப்ட் (10:50)
சுவரில் பதித்த ஹீட்டர் இருக்கிறதா? தண்ணீர் காய்ச்சும் தொட்டி? அவை கேஸில் ஓடலாம். கேள்வி அப்புறம். வெளியே போங்கள்.

வெம்பிளி_வதனா (10:58)
தங்கச்சி, பயப்பிடாதேங்கோ. எங்களுக்கும் வந்த புதுசில இப்பிடித்தான் ஒரு ராத்திரி. கேஸ் மணத்தால் 0800 111 999 எண்டு இலவச நம்பர் இருக்கு, உடன வருவினம். ஆஸ்பத்திரி விஷயமெண்டால் 111. உயிர் போற அவசரமெண்டால் 999.

திருவாரூர்த்தேர் (11:01)
வதனா அக்கா, அது உங்கள் ஊர் நம்பர். இங்கே அதை அடித்தால் ஒன்றும் நடக்காது.

வெம்பிளி_வதனா (11:02)
ஓம், தெரியும். பிரித்தானியாவில இருக்கிற ஆக்களும் வாசிப்பினம் எண்டு போட்டனான்.

பழைய_எச்1பி (11:05)
911 இலவசம் என்று இவ்வளவு உறுதியாகச் சொல்லாதீர்கள். நண்பர் ஒருவருக்கு நெஞ்சுவலி என்று கூப்பிட்டு, வாயுத்தொல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஆம்புலன்சுக்கு வந்த பில்லைப் பார்த்ததும்தான் நிஜமான நெஞ்சுவலி வந்தது.

கொங்குமணி (11:09)
பில்லை விடுங்கள். வீட்டில் காய்ந்த மிளகாய் தாளித்தால் போதும், புகை அலாரம் ஊரையே கூட்டிவிடும். எதிர் வீட்டம்மா கதவைத் திறந்து நம்மைத்தான் முறைக்கும். ஷவருக்குப் போடும் பிளாஸ்டிக் தொப்பியை அலாரத்தின் மேல் மாட்டிவிட்டேன், இரண்டு வருஷமாக நிம்மதி.

மில்பிடாஸ்_மாமா (11:12)
இந்த ஊர் அபார்ட்மென்ட் எல்லாமே அட்டைப்பெட்டிதான். வாடகை மட்டும் வருஷா வருஷம் ஏறும். மெயின்டனன்ஸ் ஆள் வர நாலு நாள். என் குழாய் ஒழுகியது, மூன்று முறை எழுதிப் போட்டேன், கடைசியில் நானே ரப்பர் வாங்கி மாட்டினேன்.

கொங்குமணி (11:15)
எழுதிப் போடவாவது உங்களுக்கு வழி இருக்கிறதே மாமா. எங்களுக்கு அதுவும் இல்லை. துவரம்பருப்பு விற்கிற விலையில் வாடகைக்கே சம்பளம் சரியாகப் போகிறது.

திருவாரூர்த்தேர் (11:20)
ஒரு பெண் நடுராத்திரி குழந்தையோடு தெருவில் நிற்கிறார். நாம் துவரம்பருப்பு விலை பேசிக்கொண்டிருக்கிறோம்.

இரவு_ஷிப்ட் (11:34)
சாப்பாட்டு இடைவேளை, அதற்குள் எழுதிவிடுகிறேன். கொங்குமணி, வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்தத் தொப்பியைக் கழற்றுங்கள். மூன்று மூன்றாக அலறினால் புகை. நான்கு நான்காக அலறினால் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும் என்பதால்தான் அலாரமே. நிமிஷத்துக்கு ஒரு ‘கீச்’ என்றால் பேட்டரி தீர்ந்திருக்கிறது, அதற்கு 911 வேண்டாம்.

பில் விஷயம். 911-க்குப் பேசினால் காசு இல்லை. பெரும்பாலும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால்தான் பில். கலிபோர்னியாவில் 2024 ஜனவரியிலிருந்து ஏபி 716 என்று ஒரு சட்டம் இருக்கிறது. வந்தது உங்கள் இன்சூரன்ஸ் நெட்வொர்க்கில் இல்லாத, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் போடாத ஆம்புலன்ஸ் என்றாலும், நெட்வொர்க்கில் இருந்தால் எவ்வளவு கட்டுவீர்களோ அவ்வளவுதான் கேட்கலாம். ஆனால் பெரிய கம்பெனிகள் பல தாங்களே பணம் போட்டு நடத்தும் இன்சூரன்சுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. நம் ஆட்கள் பாதிப்பேர் அதில்தான் இருப்பார்கள், ஹெச்ஆரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சுவலிக்கு இதை எல்லாம் யோசித்துக்கொண்டு உட்கார வேண்டாம். இன்சூரன்ஸ் இருக்கிறதோ இல்லையோ, எமர்ஜென்சிக்கு வந்தவரைப் பார்த்தாக வேண்டும் என்று 1986-லேயே மத்திய அரசு சட்டம் போட்டிருக்கிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கும் சேர்த்துத்தான்.

குழந்தை மாத்திரையையோ சோப்புத் தண்ணீரையோ விழுங்கிவிட்டால் 1-800-222-1222. விஷமுறிவு ஆலோசனை, 24 மணி நேரமும் உண்டு, இலவசம். குழந்தை மயங்கினாலோ மூச்சுத் திணறினாலோ அது வேண்டாம், நேராக 911. மனசு உடைந்துபோய் உயிரை விடலாமா என்று தோன்றினால் 988, பேசலாம், மெசேஜும் அனுப்பலாம். வந்த புதிதில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பவர்கள் இந்த எண்ணைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். வாடகை, சாப்பாடு, தங்க இடம் என்று திண்டாட்டமானால் 211.

அமெரிக்க சிம் இன்னும் வாங்கவில்லையா? சிம் இல்லாத செல்போனிலிருந்தும் 911 போகும். ஆனால் லைன் அறுந்தால் அவர்களால் திருப்பிக் கூப்பிட முடியாது, அதனால் இடத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். தவறி அடித்துவிட்டால் எச்1பி சார் மாதிரி வைத்துவிடாதீர்கள். ‘தெரியாமல் அடித்துவிட்டேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

திருவாரூர்த்தேர் (11:52)
கவுண்டி பற்றி நானும் கொஞ்சம் சொல்கிறேன். நம் ஊர் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொண்டால் பாதி புரியும். சாண்டா கிளாரா கவுண்டிக்குள் 15 ஊர்கள், ஒவ்வொன்றிலும் ஏற்பாடு வேறு. சன்னிவேலில் போலீஸ், தீயணைப்பு இரண்டும் 1950-லிருந்து ஒரே துறை. ரோந்துக் காரில் வரும் ஆளே தீயணைப்பு உடுப்பையும் மாட்டிக்கொள்வார். பக்கத்தில் கூப்பர்டினோவுக்கு என்று தனி போலீஸ் கிடையாது, கவுண்டி ஷெரிஃப் ஆட்கள்தான். தீயணைப்பும் கவுண்டியுடையது. சான் ஹோசேயில் இரண்டுக்கும் தனித்தனித் துறை, தெருவில் குழி, எரியாத விளக்கு என்றால் 311. ஆகவே 911 எல்லாருக்கும் ஒன்று, மற்றபடி அவசரமில்லாத நம்பர் உங்கள் ஊருக்கு உங்கள் ஊர்தான். பக்கத்து ஊர் நண்பர் அனுப்பியதை அப்படியே சேமித்து வைக்காதீர்கள். இன்னொன்று, கவுண்டியின் அலர்ட்எஸ்சிசி-யில் பதிவு செய்துவிடுங்கள், இலவசம். காட்டுத்தீ, வெள்ளம் என்றால் போனுக்கே செய்தி வரும். கேஸ் கம்பெனி பிஜி அண்ட் இ-யின் நம்பர் 1-800-743-5000. அதையும் வெளியே நின்றுதான் அடிக்க வேண்டும்.

மில்பிடாஸ்_மாமா (11:58)
நான் ஃபேன் போடச் சொன்னது தப்புதான். ஆனாலும் மேனேஜருக்கு ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.

வந்து_மூன்று_வாரம் (12:27)
வந்துவிட்டேன். நாங்கள் நன்றாக இருக்கிறோம். அக்கா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஆனால் 911-இல் பேசிய அம்மா கேட் கோடு, அதாவது வெளி வாசலைத் திறக்கும் எண், என்னவென்று கேட்டபோது எனக்குத் தெரியவில்லை. எங்கள் கட்டடத்துக்கு ஒரு எழுத்து வேறு இருக்கிறதாம், அதுவும் தெரியவில்லை. நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு தாத்தா போனை வாங்கிச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் நிஜமாகவே தமிழில் பேசினார். மதுரைப் பக்கத்துப் பேச்சு. அதைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது.

தீயணைப்பு வண்டி வந்தது. ஒரு கருவியோடு வீடு முழுக்க, ஹீட்டர் பக்கம் எல்லாம் பார்த்தார்கள். கேஸ் ஒரு துளிகூட இல்லையாம். அப்புறம் ஒருவர் பின்பக்கம் போய் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார். ‘ஸ்கங்க்’ என்றார். எனக்குப் புரியவில்லை. போனில் படம் காட்டினார். கறுப்பு உடம்பு, முதுகில் வெள்ளைக் கோடு. பூனை என்று நினைத்து நேற்றுக்கூட நான் அதற்குப் பால் வைத்தேன். காசு எதுவும் கேட்கவில்லை. இவ்வளவு பேரை எழுப்பிவிட்டேனே என்று கூச்சமாக இருந்தது. இந்த மாதிரி நிறையப் பேர் கூப்பிடுவார்கள், சந்தேகம் வந்தால் மறுபடியும் கூப்பிடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரவு_ஷிப்ட் (12:33)
அப்பாடா. கேஸுக்கு இயற்கையில் வாசனை இல்லை. கசிந்தால் தெரியட்டும் என்று நாற்றத்துக்காகவே ஒரு கந்தகச் சரக்கைக் கலக்கிறார்கள். ஸ்கங்க் பீய்ச்சுவதும் அதே ஜாதிச் சரக்குதான். பழகிய மூக்கே ஏமாறும், மூன்று வாரத்து மூக்குக்கு எப்படித் தெரியும்?

கொங்குமணி (12:36)
நம் ஊரில் புனுகுப் பூனையிடமிருந்து சாமிக்குச் சாத்த வாசனை எடுக்கிறோம். இந்த ஊர்ப் பூனைக்கு வந்த கேடு. சரி, தொப்பியைக் கழற்றிவிட்டேன்.

திருவாரூர்த்தேர் (12:40)
காலையில் கவுண்டியின் வெக்டர் கன்ட்ரோலுக்கு, அதாவது நோய் பரப்பும் பூச்சி, விலங்குகளைக் கவனிக்கும் துறைக்கு, போன் செய்யுங்கள் தங்கச்சி. பெயரைப் பார்த்துக் கொசுவுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். எலி, ரக்கூன், ஸ்கங்க் எல்லாவற்றுக்கும் ஆலோசனை சொல்வார்கள், வந்தும் பார்ப்பார்கள், கட்டணம் இல்லை. எங்கள் வீட்டு ரக்கூனுக்கு அவர்கள்தான் வழி சொன்னார்கள். மேனேஜருக்கும் எழுதிப் போடுங்கள். பால் வைப்பதை நிறுத்துங்கள்.

வந்து_மூன்று_வாரம் (இரண்டு நாள் கழித்து, மாலை 6:15)
வெக்டர் கன்ட்ரோலிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார் அண்ணா. படிக்கட்டுக்கு அடியில் பொந்து வைத்திருக்கிறதாம். அது வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து எப்படி அடைப்பது என்று மேனேஜரிடம் விளக்கிவிட்டுப் போனார். முகவரி, கட்டட எழுத்து, கேட் கோடு மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிட்டேன். அவர் ஊரிலிருந்து வந்ததும் முதலில் கேட்டது, நம் வீட்டுக்கு கேட் கோடு இருக்கிறதா என்றுதான். ஒரே ஒரு கேள்வி: குழந்தையின் ஸ்வெட்டரில் அந்த நாற்றம் அப்படியே இருக்கிறது. என்ன போட்டால் போகும்?

பழைய_எச்1பி (6:19)
தக்காளிச் சாற்றில் ஊறப்போடுங்கள்.

இரவு_ஷிப்ட் (6:24)
தக்காளியால் நாற்றம் போகாது, ஸ்வெட்டர்தான் சிவக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஆப்பசோடா, கொஞ்சம் பாத்திரம் தேய்க்கும் சோப்பு. அப்போதைக்கப்போது கலந்து உடனே தீர்த்துவிடுங்கள், மூடி வைத்தால் பாட்டில் வெடிக்கும். சாயம் போகிறதா என்று ஓரத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மில்பிடாஸ்_மாமா (6:31)
சீயக்காய் போட்டுப் பாரேன்.