பிரசவமாகி 5 மாதம்: தும்மினால் சிறுநீர் கசிகிறது, வயிறு நடுவில் பிரிந்திருக்கிறது

இரண்டாவது குழந்தை, சுகப்பிரசவம். தும்மினாலும் இருமினாலும் சிறுநீர் கசிகிறது. மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் தூக்கினால், தொப்புளுக்கு மேலே வயிறு கூரைபோல எழும்புகிறது. நடுவில் அழுத்தினால் இரண்டரை விரல் உள்ளே போகிறது. வலியோ எரிச்சலோ இல்லை.

6வது வாரம் டாக்டர் பார்த்துவிட்டு, தையல் ஆறிவிட்டது, கெகல் பயிற்சி (சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்புத்தளத் தசையை இறுக்கிப் பிடித்து விடுவது) செய்யுங்கள் என்றார். அன்றிலிருந்து நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு 10 முறை. ஒருநாளும் விட்டதில்லை. 10 நொடி பிடிக்க வேண்டும். எனக்கு நான்கைந்து நொடியிலேயே பிடி நழுவுகிறது. என்னை அறியாமல் மூச்சையும் அடக்கிவிடுகிறேன். போன மாதம் சிட்-அப், பிளாங்க் தொடங்கினேன். வயிற்றுப் புடைப்பும் கசிவும் கூடின, சரி என்று நிறுத்திவிட்டேன். இப்போது மூச்சை வெளியே விட்டபடி அடிவயிற்றை மெல்ல உள்ளிழுப்பது மட்டும்தான்.

குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்கும்போதுதான் அதிகம் கசிகிறது. அவள் அழும்போது தூக்கத் தயங்கி நிற்கிறேனே, அதுதான் மனதை வாட்டுகிறது.

இதிலிருந்து மீண்டவர்களோ பிசியோதெரபிஸ்டுகளோ சொல்லுங்கள்: இந்த இடைவெளியோடு, அடுத்ததாக வயிற்றுக்கு எந்தப் பயிற்சியைத் தொடங்கலாம்?